சொந்த ஊரில் ஹோட்டல் எடுத்தால் பிழையா?

கேள்வி: 1995 இடப்பெயர்வோடு, 16 வயதில், கொக்குவிலை விட்டு வெளிக்கிட்டேன். இப்போது ரொறன்ரோவில் இருக்கிறேன். வருகிற ஓகஸ்டில் கணவர், 15 வயது மகன், 12 வயது மகளோடு முதல் தடவையாக யாழ்ப்பாணம் வருகிறோம். பிள்ளைகளின் வசதிக்காக ஹோட்டலில் நிற்க யோசிக்கிறோம். சின்னம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. கோட்டை, நெடுந்தீவு என்று மகன் ஒரு பட்டியலே போட்டு வைத்திருக்கிறான். பிறந்து வளர்ந்த ஊரில் டூரிஸ்ட் மாதிரித் திரியப் போகிறேனே என்று வெட்கமாக இருக்கிறது. நாங்கள் இருந்த வீட்டை அப்பா எப்போதோ விற்றுவிட்டார். அதைப் போய்ப் பார்க்கலாமா?
– பெயர் வேண்டாம், ரொறன்ரோ

பதில்: முதலில் சின்னம்மா. ஹோட்டல் எடுப்பதில் ஒரு பிழையும் இல்லை. ஓகஸ்ட், நல்லூர்த் திருவிழாவை ஒட்டிய காலம். அவர் வீட்டில் லண்டனிலிருந்தோ பாரிசிலிருந்தோ ஒரு குடும்பம் ஏற்கெனவே வந்து நிற்கக்கூடும். இன்னும் நாலு பேர், ஒரே குளியலறை என்று பார்த்தால் அவருக்கும் உள்ளூர நிம்மதிதான். ஆனாலும் கோபம் வரும். "பெறாமகள் வந்து ஹோட்டலில நிக்கிறாளாமே" என்று அயலில் ஒருத்தர் வந்து கேட்டால் அவர் என்ன பதில் சொல்வார்? அதுதான் அவருடைய கவலை. ஆகவே அறை புக் பண்ண முதல் அவருக்குப் போன் எடுங்கள். வந்திறங்குகிற அன்று முதல் சாப்பாடு அவர் வீட்டில்தான் என்று நீங்களே கேட்டு வாங்குங்கள். ஒரு பெட்டியை அங்கே வையுங்கள், ஒரு இரவாவது அங்கே படுங்கள். பிள்ளைகள் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.

இனி அந்த வெட்கம். ஒன்று கேட்கிறேன்: கோட்டைக்குள் எப்போதாவது கால் வைத்திருக்கிறீர்களா? வைத்திருக்க வழியே இல்லை. உங்களுக்கு நினைவு தெரிந்த காலத்தில் அதற்குள் ஆமி இருந்தது. 1990 இல் முற்றுகை, ஷெல்லடி. கடைசியில் புலிகள் பிடித்தார்கள். 1658 இல் போர்த்துக்கேயரிடமிருந்து பறித்து, ஒல்லாந்தர் ஐந்து மூலையோடு திருத்திக் கட்டிய கோட்டை. அதற்குள் 1706 இல் கட்டிய தேவாலயம் ஒன்று இருந்தது. போரில் அது இல்லாமல் போய்விட்டது. இப்போது மதில் மேல் ஏறி நடக்கலாம். வெயில் சாய்ந்த பிறகு போங்கள். முருகைக்கல்லைக் கையால் தடவிப் பார்த்தால் சிப்பியும் பவளமும் விரலில் தட்டுப்படும். அந்தப் பக்கம் பண்ணைக் கடல், இந்தப் பக்கம் நூலகத்தின் வெள்ளைக் கூரை.

நூலகமும் அப்படித்தான். 1981 இல் சுமார் 97,000 நூல்களோடு எரித்தபோது நீங்கள் நடை பழகிய குழந்தை. பள்ளிக்கூடம் போன வயதில் பார்த்தது சிதைந்து நின்ற கட்டடத்தைத்தான். உள்ளே மேசையில் பிள்ளைகள் குனிந்து படிக்கிறதை நீங்கள் இனித்தான் பார்க்கப் போகிறீர்கள். பார்வையாளர்களை விடுகிற நேரத்தை மட்டும் முதலே விசாரித்துக்கொள்ளுங்கள். அது படிக்கிற சனத்தின் இடம்.

கீரிமலைக் கேணி 1990 இல் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. அதே காலத்தில் தீவுப்பகுதிக்கான பாதையும் உங்களுக்கு அடைபட்டது. யாழ்தேவி 1990 இல் நின்று, 2014 ஒக்டோபரில்தான் திரும்ப யாழ்ப்பாணம் வந்தது. நீங்கள் வளர்ந்தது யாழ்ப்பாணத்தில்தான். ஆனால் உங்களுக்குக் கிடைத்தது கொக்குவில், பள்ளிக்கூடம், டியூட்டரி, கோயில், பங்கர். மிச்சத்தைப் பூட்டி வைத்திருந்தார்கள். அதை இப்போது டிக்கெட் எடுத்துப் பார்ப்பதில் என்ன வெட்கம்? உங்கள் மகனின் பட்டியல் நல்ல பட்டியல். (சில இடங்களில் வெளிநாட்டவருக்கு வேறு கட்டணம் இருக்கும். கனடாப் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு "நானும் இந்த ஊர்தான்" என்று கவுண்டரில் நிற்கிற பொடியனோடு வாதாட வேண்டாம்.)

நெடுந்தீவுக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். குறிகட்டுவானில் படகு ஏறினால் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். சோளகக் காற்று அடிக்கிற காலம், கடல் தூக்கும். மகளுக்கு வயிறு பிரட்டுமென்றால் அங்கே போய்த் தேடாமல் கையோடு மருந்து கொண்டுபோங்கள். இறங்கியவுடன் செய்ய வேண்டிய வேலை, திரும்புகிற படகின் நேரத்தைக் கேட்பது. தவறவிட்டால் இரவு அங்கேதான். குதிரைகள், பெருக்கமரம், சாந்து பூசாமல் முருகைக்கல்லை அடுக்கி எழுப்பிய வேலிகள் என்று பார்க்க நிறைய இருக்கிறது. திரும்பிக் கரைக்கு வந்த பிறகு, 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் போன சனத்தைக் கடலில் மறித்து வெட்டிக் கொன்ற கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். போகும்போது சொல்ல வேண்டாம்.

மகனின் பட்டியலில் நான் ஒன்று சேர்க்கிறேன்: சோனகதெரு. நீங்கள் வெளிக்கிட்டது 1995 ஒக்டோபர் 30 என்றால், சரியாக ஐந்து வருடத்துக்கு முன் அதே ஒக்டோபர் 30 இல்தான் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணித்தியால அவகாசத்தில் புலிகள் வெளியேற்றினார்கள். உங்களுக்கு அப்போது 11 வயது இருக்கும். கூடப் படித்த யாரையாவது நினைவிருக்கலாம். திரும்பி வந்தவர்கள் சிலர் அங்கே இருக்கிறார்கள். ஒரு கடையில் தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். உங்கள் இடப்பெயர்வை மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இதையும் கேட்கட்டும்.

நல்லூருக்குப் போகும்போது கணவரும் மகனும் சேர்ட்டைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். 15 வயதுப் பிள்ளைக்கு வாசலில் வைத்து இதைச் சொன்னால் முகம் சிவந்துவிடும், விமானத்திலேயே சொல்லிவையுங்கள். இன்னொன்று: "அப்ப இப்பிடி இல்லை" என்ற வசனத்தை ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் சொல்லாதீர்கள். இங்கேயே இருந்தவர்களுக்கு அது சலித்துப் போன வசனம்.

வீடு. போகலாம், ஆனால் நேரே போய்ப் படலையில் நின்று போட்டோ எடுக்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து யாராவது வந்து ஒரு வளவை உற்றுப் பார்த்தால் இங்கே முதலில் வருகிற நினைப்பு, காணிக்கு வந்திருக்கிறார்கள் என்பதுதான். உறுதி, பங்கு, வழக்கு என்று இழுபட்ட குடும்பங்கள் எங்கள் ஊரில் ஏராளம். உங்கள் அப்பா முறையாக விற்றிருந்தாலும் அந்தப் பயம் இருக்கும். சின்னம்மாவோ பழைய அயலட்டையோ முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைக்கட்டும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தை விட்டுவிட்டு, நாலு மணிபோல் போங்கள். வாசலிலேயே "காணி விசயமில்லை, சின்ன வயதில் இருந்த வீடு, பிள்ளைகளுக்குக் காட்ட வந்தேன்" என்று சொல்லிவிடுங்கள். ஒரு பிஸ்கட் பெட்டி போதும். காசு நீட்டாதீர்கள்.

உள்ளே கூப்பிட்டால், மாமரத்தை ஏன் தறித்தீர்கள் என்று கேட்காதீர்கள். அறை அறையாக எட்டிப் பார்க்காதீர்கள். கிணற்றடிக்குப் போகலாமா என்று கேளுங்கள். மோட்டர் போட்டிருந்தாலும் பல வீடுகளில் ஒரு வாளியும் கயிறும் கிடக்கும். மகள் ஒரு வாளி அள்ளட்டும். கூப்பிடவில்லையென்றால் குறை நினைக்காமல், ஒழுங்கையால் நடந்து வாருங்கள்.

வெளிக்கிடும்போது அந்த வீட்டுக்காரர் இரண்டு தேங்காயையோ நாலு முருங்கைக்காயையோ கையில் திணிக்கப் பார்ப்பார்கள். ஹோட்டலில் சமைக்க முடியாது என்று விளக்கம் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போய்ச் சின்னம்மாவிடம் கொடுங்கள். அன்றிரவுக் கறிக்கு ஆகும்.