பெரிய சென்சாருக்குப் பணம் கட்டுமுன்

கேள்வி: என் பாட்டிக்கு 82 வயது. அவர் சமைப்பதை ஒவ்வொரு பதார்த்தமாக வீடியோ எடுத்து வைக்க விரும்புகிறேன். தங்கையின் பரதநாட்டிய மேடைகளையும் தைப்பூச ஊர்வலத்தையும் எடுக்கவும் ஆசை. இதுவரை கைப்பேசிதான். 4,000 சிங்கப்பூர் வெள்ளி சேர்த்திருக்கிறேன். "வீடியோ என்றால் ஃபுல் ஃபிரேம்தான், கிராப் சென்சார் வாங்கினால் பிறகு வருத்தப்படுவாய்" என்கிறார் நண்பர். அது சரியா? (உட்லண்ட்ஸ் வாசகி)

பதில்: சென்சார் என்பது கேமராவுக்குள் வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு. பெரியது ஃபுல் ஃபிரேம், அதைவிடச் சின்னது கிராப். நீங்கள் சொன்ன மூன்றில் இரண்டுக்குக் கிராப் சென்சார் தாராளமாகப் போதும். மூன்றாவதில், அதுவும் தைப்பூசத்துக்கு முந்தைய இரவில், பெருமாள் கோயிலிலிருந்து பால்குடங்கள் புறப்படும் நேரத்தில், ஃபுல் ஃபிரேமுக்கு உண்மையான பலம் உண்டு. அதையும் சொல்கிறேன்.

முதலில் அளவு. ஃபுல் ஃபிரேம் சென்சார் 36க்கு 24 மில்லிமீட்டர். சோனி, நிக்கான், ஃபியூஜி கிராப் சென்சார் ஏறத்தாழ 23.5க்கு 15.6. கேனானுடையது இன்னும் கொஞ்சம் சின்னது. கிராப் என்ற பெயரைக் கேட்டதும் ஏதோ வெட்டிக் குறைத்த பொருள்போலத் தோன்றுகிறது. ஆனால் சினிமாவின் கணக்கு வேறு. தியேட்டரில் நாம் பார்த்து வளர்ந்த படங்களில் பெரும்பாலானவை 35 மி.மீ. ஃபிலிமில் எடுத்தவை. சினிமா கேமராவில் அந்த ஃபிலிம் மேலிருந்து கீழாக ஓடும், ஒரு ஃபிரேமின் அகலம் 22 முதல் 25 மி.மீ.க்குள்தான் வரும். அதாவது இன்றைய கிராப் சென்சாரின் அகலம். அதே ஃபிலிம் புகைப்படக் கேமராவில் பக்கவாட்டில் ஓடியதால்தான் 36 மி.மீ. கிடைத்தது. ஃபுல் என்ற சொல் அந்தப் புகைப்படக் கணக்கில் வந்தது.

அடுத்து, வெளிச்சம். ஃபுல் ஃபிரேமின் பரப்பு இரண்டு மடங்குக்கும் சற்று அதிகம், எனவே ஒரு ஸ்டாப்புக்கும் (வெளிச்சம் இரட்டிப்பாவதை ஒரு ஸ்டாப் என்பார்கள்) கொஞ்சம் கூடுதலாக லாபம். இது உண்மை. ஆனால் லென்ஸை அதே அளவு திறந்து வைத்தால்தான் இந்த லாபம் கைக்கு வரும். அப்படித் திறந்தால் ஃபோகஸில் இருக்கும் பகுதி மெலிந்துவிடும். உங்கள் தங்கை மேடையில் முன்னும் பின்னும் நகர்ந்து ஆடுவார். முகம் தெளிவாக, நீட்டிய கை மங்கலாக இருந்தால் உங்களுக்கும் பிடிக்காது, அவருடைய குருவுக்கும் பிடிக்காது. ஆகவே ஃபுல் ஃபிரேமில் லென்ஸ் திறப்பை எஃப்/4க்கு மூடுவீர்கள் (எஃப் எண் கூடினால் திறப்பு சிறுக்கும்), இருட்டிவிடும், வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்றுவீர்கள். கிராப் சென்சாரில் எஃப்/2.8, ஐஎஸ்ஓ 1600 வைத்தாலே ஏறத்தாழ அதே படம், அதே ஃபோகஸ் ஆழம், அதே அளவு புள்ளித் தூசு.

ஓர் உதாரணம். கிராப் சென்சாருக்கான டாம்ரான் 17-70 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ் 525 கிராம். மி.மீ. எண் சிறியதானால் பார்வை அகலும், பெரியதானால் நெருங்கும். ஃபுல் ஃபிரேம் கணக்கில் அதன் பார்வை ஏறத்தாழ 25-105, ஃபோகஸ் ஆழம் எஃப்/4.2 போல. ஃபுல் ஃபிரேம் வாங்குபவர்கள் பலரும் முதல் லென்ஸாக எடுப்பது 24-105 எஃப்/4. சோனியுடையது 663 கிராம். இரண்டும் கொடுக்கும் படம் கிட்டத்தட்ட ஒன்றுதான். பாடிக்கே, அதாவது லென்ஸ் இல்லாத கேமராவுக்கே, பணத்தை எல்லாம் கொட்டிவிட்டு எஃப்/4 லென்ஸோடு நிற்பவர், கிராப் சென்சார்க்காரர் வைத்திருக்கும் அதே படத்துக்குத்தான் அதிகம் செலவழித்திருக்கிறார்.

இன்னொன்றைக் கடையிலேயே சோதித்துப் பாருங்கள். நொடிக்கு 50 அல்லது 60 ஃபிரேமில் 4கே எடுக்கும்போது சில ஃபுல் ஃபிரேம் கேமராக்கள் சென்சாரின் நடுப்பகுதியை மட்டுமே பயன்படுத்தும். சோனி ஏ7 மார்க் 4, பேனசோனிக் எஸ்5 மார்க் 2 இரண்டும் அப்படித்தான். நடனத்துக்கு நீங்கள் 50 ஃபிரேம் வைக்கும் அந்த நேரத்தில் கையில் இருப்பது கிராப் கேமராதான். கேனான் ஆர்8 முழு அகலத்தையும் எடுக்கும், ஆனால் அதன் பாடிக்குள் கை நடுக்கத்தைச் சரிசெய்யும் சென்சார் ஸ்டெபிலைசேஷன் இல்லை. கடைக்காரரிடம் கேமராவை வாங்கி, 25 ஃபிரேமில் சுவரைப் பாருங்கள், பிறகு 50க்கு மாற்றுங்கள். படம் சட்டென்று நெருங்கினால் புரிந்துவிடும்.

பாட்டியின் சமையலறைக்கு வருவோம். அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் பின்னால் நகர இடமே இருக்காது. கிராப் சென்சாரில் அகலமாக எடுக்க முடியாது என்பது பழைய பேச்சு. சிக்மா 10-18 எஃப்/2.8 லென்ஸ் ஃபுல் ஃபிரேம் கணக்கில் 15-27 போலப் பார்க்கும், எடை கால் கிலோவுக்குச் சற்று மேல்தான். ஆனால் கையில் பிடித்து எடுக்கும்போது மெனுவில் உள்ள ஆக்டிவ் ஸ்டெபிலைசேஷனைப் போட்டால் படம் மேலும் நெருங்கும். சமையலை எடுக்கக் கேமரா முக்காலிதான் நல்லது. கேமராவை PAL (நொடிக்கு 25, 50 ஃபிரேம் தரும் வீடியோ முறை), 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், இங்குள்ள விளக்குகள் பல நொடிக்கு 100 முறை துடிக்கும். 30 ஃபிரேம், 1/60 என்று விட்டால் படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடலாம். அதற்காகப் புதிய கேமரா வாங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் குரல். பாட்டி கைப்பிடி அளவு என்று சொல்வதும், தாளிக்கும் சத்தமும்தான் பின்னாளில் உங்களுக்கு வேண்டியிருக்கும். என் அம்மா பேசிய வீடியோ ஒன்று என்னிடம் இருக்கிறது. படம் பளிச்சென்று இருக்கும், குரல் மட்டும் எக்ஸாஸ்ட் ஃபேன் இரைச்சலில் பாதி கேட்காது. இன்றும் அதைப் போட்டுக் காதை வைத்துக் கேட்கிறேன். ஆகவே சட்டையில் மாட்டும் வயர்லெஸ் மைக் ஒன்றுக்கு முதலிலேயே பணம் ஒதுக்குங்கள், லென்ஸுக்கும் முன்னால்.

நானாக இருந்தால், ஸ்டெபிலைசேஷன் உள்ள, 4கே 50 ஃபிரேமை முழு அகலத்தில் எடுக்கும் சோனி ஏ6700 போன்ற கிராப் பாடி, அந்த 17-70, மைக், சின்ன எல்இடி விளக்கு, ஈரம் படாமல் காக்கும் டிரை கேபினெட் என்று போவேன். அகல லென்ஸைப் பிறகு சேர்க்கலாம். தைப்பூச இரவு? அங்கே முகங்களை மட்டும் தனியாகப் பிடிக்க வேண்டும், பின்னணி கரைந்தாலும் பரவாயில்லை. ஃபுல் ஃபிரேமும் எஃப்/1.4 லென்ஸும் மின்னும் இடம் அதுதான். ஆண்டுக்கு ஓர் இரவு. வாடகைக்கு எடுங்கள். வாராவாரம் காசுக்குக் கல்யாண விருந்து எடுப்பவராக இருந்திருந்தால் உங்கள் நண்பர் சொன்னதையே நானும் சொல்லியிருப்பேன்.

கேள்வி: டிசம்பரில் தோக்கியோ போகிறோம். கேமராவை அங்கே வாங்கினால் மலிவா? (ஈசூன் வாசகர்)

பதில்: மலிவாகத் தெரியும். ஆனால் ஜப்பான் உள்நாட்டு விற்பனைக்கான சோனி கேமராக்கள் பலவற்றில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டுமே வரும், மாற்ற முடியாது. பணம் கொடுக்குமுன் கேமராவை இயக்கி, மொழிப் பட்டியலைக் கண்ணால் பாருங்கள். வாரண்டி சிங்கப்பூரில் செல்லுமா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். 48 மணி நேரத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பும் சிங்கப்பூரருக்கு 500 வெள்ளி வரைதான் ஜிஎஸ்டி விலக்கு. அதற்கு மேற்பட்ட மதிப்புக்குச் சாங்கியில் 9 விழுக்காடு கட்ட வேண்டும். இதையெல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு, பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் லோக்கல் செட் (சிங்கப்பூர் வாரண்டியோடு வருவது), எக்ஸ்போர்ட் செட் (அந்த வாரண்டி இல்லாமல் வெளியிலிருந்து வருவது) இரண்டுக்கும் தனித்தனியாக விலை கேளுங்கள். மிச்சம் நூறு, இருநூறு வெள்ளிதான் என்றால் லோக்கல் செட்டே நிம்மதி.

கேள்வி: கேரோசல் இணையச் சந்தையில் ஒருவர் பழைய ஃபுல் ஃபிரேம் கேமராவும் லென்ஸும் விற்கிறார். நம்பி வாங்கலாமா? (பிடோக் வாசகர்)

பதில்: வாங்கலாம், நேரில் பார்த்து. இந்த ஊர் ஈரப்பதத்தில் அலமாரிக்குள் கிடந்த லென்ஸில் பூஞ்சை பிடித்திருக்கலாம். கைப்பேசி டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து லென்ஸுக்குள் அடித்து, முன்பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை போல மெல்லிய இழை தெரிந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒரு மெமரி கார்டு கொண்டுபோய் 4கே வீடியோவைப் பத்து நிமிடம் தொடர்ந்து ஓட விடுங்கள், சூட்டில் நின்றுபோகிறதா என்று தெரியும். கோளாறான பொருளை வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டம் கடைகளில் வாங்கும் பழைய பொருளுக்கும் பொருந்தும். ஆறு மாதத்துக்குள் தெரியும் கோளாறு, வாங்கும்போதே இருந்ததாகத்தான் கருதப்படும். ஆனால் தனிநபரிடம் வாங்கினால் அந்தச் சட்டம் உங்களுக்குத் துணை வராது. விலையை அதற்கேற்பப் பேசுங்கள்.