எழுதியது டிஸ்க்கில் சேர்ந்ததா? சிஸ்டம்ஸ் புரோகிராமிங், கட்டற்ற மென்பொருள்: கேள்வி பதில்

பதினேழு ஆண்டுகளாக ஸ்டோரேஜ் மென்பொருள் எழுதுகிறேன். ஆபீஸ் வேலை போக, நிரலை யாரும் படிக்கவும் மாற்றவும் முடிகிற திறந்த மூலத் திட்டங்கள் சிலவற்றுக்குச் சின்னச் சின்ன பேட்ச்களும், அதாவது நிரல் திருத்தங்களும், அனுப்பியிருக்கிறேன். கர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி), சி, ரஸ்ட் என்ற நிரல் மொழிகள், உரிமம் என்று எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

அக்கா, நான் பி.இ. மூன்றாம் ஆண்டு. ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத்தைப் படம் வரைந்தே முடித்துவிட்டார்கள். உண்மையிலேயே கற்றுக்கொள்ள எங்கே ஆரம்பிக்கலாம்?

எஸ்ட்ரேஸில் ஆரம்பியுங்கள் தம்பி. ஒரு நிரல் கர்னலிடம் என்னென்ன கேட்கிறது, கர்னல் என்ன பதில் சொல்கிறது என்பதை வரி வரியாகக் காட்டும் கருவி அது. ஒரு சின்ன டெக்ஸ்ட் கோப்பை எடுத்து, கோப்பைத் திரையில் காட்டும் ‘கேட்’ கட்டளையை எஸ்ட்ரேஸின் கீழ் ஓட்டுங்கள். லைப்ரரியைத் தேடுவது, கோப்பைத் திறப்பது, படிப்பது, திரையில் எழுதுவது எல்லாம் வரிசையாக வரும். வகுப்பில் பெட்டி பெட்டியாக வரைந்தார்களே, அதெல்லாம் உங்கள் கண் முன்னே ஓடும். ஒவ்வொரு வரிக்கும் லினக்ஸோடு வரும் கையேடான மேன் பக்கத்தின் இரண்டாம் பிரிவைத் திறந்து படியுங்கள். ஒரு மாதம் இதை மட்டும் செய்தாலே போதும்.

அப்புறம் எக்ஸ்வி6. எம்ஐடியில் மாணவர்களுக்காக எழுதிய குட்டி கர்னல் இது. 1970களின் யுனிக்ஸ் ஆறாம் பதிப்பை மாதிரியாக வைத்துச் செய்தது, இப்போது ரிஸ்க்-வி சிப்பில் ஓடும்படி இருக்கிறது. சில ஆயிரம் வரிகள்தான். ஒரு ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) தூங்கி எழுவதை அதில் முழுசாகப் படித்துவிடலாம். நான் கட்டற்ற மென்பொருளை நேசிப்பதற்கு முதல் காரணமும் இதுதான். காசு கொடுக்க வேண்டாம் என்பது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஒரு சந்தேகம் வந்தால் அடிமட்டம் வரை போய்ப் பார்க்கலாம், ‘இதற்கு மேல் அனுமதி இல்லை’ என்று யாரும் தடுக்க மாட்டார்கள்.

எட்டு வருடமாக சி எழுதுகிறேன். எங்கே பார்த்தாலும் ரஸ்ட் என்கிறார்கள். சி செத்துவிட்டதா?

சாகவில்லை. ஆனால் புதிதாக ஒன்றை எழுத உட்கார்ந்தால் இன்று நான் ரஸ்ட்டைத்தான் எடுப்பேன்.

மைக்ரோசாஃப்ட் தன் பாதுகாப்பு ஓட்டைகளில் ஏறக்குறைய 70 சதவீதம் மெமரியைத் தவறாகக் கையாண்டதால் வந்தவை என்று 2019இல் சொன்னது. குரோம் குழு தங்கள் தீவிரமான ஓட்டைகளை எண்ணிப் பார்த்தபோதும் கிட்டத்தட்ட அதே விகிதம்தான். திறமையானவர்கள் எழுதி, திறமையானவர்கள் சரிபார்த்த நிரல்கள் இவை. ‘கவனமாக எழுதினால் சியிலும் பிழை வராது’ என்று நானும் பத்து வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு தடவை, பயன்படுத்தி முடித்து விடுவித்த பஃபரை (மெமரித் துண்டு) ஒரு டைமர் பின்னால் வந்து தொட்டது. வாரத்துக்கு ஒரு முறை, ஏதாவது ஒரு மெஷினில் மட்டும் கிராஷ். கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது. பின்னாளில் அதே அமைப்பை ரஸ்ட்டில் எழுதிப் பார்த்தேன், கம்பைலர் ஏற்கவே இல்லை. அன்றோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

அதற்காகப் பழையதை எல்லாம் இடித்துக் கட்ட வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டில் மெமரி சார்ந்த ஓட்டைகளின் பங்கு 2019இல் 76 சதவீதம், 2024இல் 24 சதவீதம். பழைய சி, சி++ நிரல்களை அப்படியே வைத்துக்கொண்டு, புதிதாக எழுதுவதைப் பாதுகாப்பான மொழிகளுக்கு மாற்றித்தான் அவர்கள் இந்த இடத்துக்கு வந்தார்கள். பழைய நிரலில் இருக்கும் பிழைகள் வருடம் போகப் போகக் கண்டுபிடிக்கப்பட்டுக் குறைந்துவிடுகின்றன, புது நிரல்தான் புதுப் பிழைகளைக் கொண்டுவருகிறது. லினக்ஸ் கர்னலும் 6.1 பதிப்பிலிருந்து, அதாவது 2022 டிசம்பரிலிருந்து, ரஸ்ட்டுக்கு இடம் கொடுத்திருக்கிறது. உங்கள் எட்டு வருட சி வீணாகவில்லை. கர்னலோடு பேச அந்த அறிவு இல்லாமல் முடியாது.

மேடம், எங்கள் புரோகிராம் செட்டிங்ஸைக் கோப்பில் எழுதுகிறது. எழுதச் சொல்லும் ரைட் அழைப்பு வெற்றி என்றுதான் சொல்கிறது. ஆனால் கரண்ட் போய் வந்தால் சில சமயம் கோப்பு காலியாக இருக்கிறது. லினக்ஸில் பிழையா?

உங்கள் நிரலில்தான் பிழை. எனக்கும் இதே அடி விழுந்திருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரைட் வெற்றி என்றால், கர்னல் உங்கள் தரவைத் தன் மெமரியில் வாங்கி வைத்துக்கொண்டது என்று மட்டுமே பொருள். டிஸ்க்குக்குப் போக இன்னும் பல நொடிகள் ஆகலாம். நான் ஒரு காலத்தில் தற்காலிகக் கோப்பில் எழுதி, பழைய பெயருக்கு ரீநேம் செய்துவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்தேன். ரீநேம் அரைகுறையாக நடக்காது என்று படித்திருந்த தைரியம். என் லேப்டாப்பில் இருந்த எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமை (டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை), இப்படி ரீநேம் செய்பவர்களைக் காப்பாற்ற ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது. வாடிக்கையாளரிடம் இருந்ததோ எக்ஸ்எஃப்எஸ் என்ற வேறொரு கோப்பு முறைமை. ஒரு நாள் மதியம் கரண்ட் போனது. திரும்பி வந்தபோது பெயர் சரியாக மாறியிருந்தது, உள்ளே 0 பைட். பெயர் மாற்றம் டிஸ்க்குக்குப் போய்விட்டது, தரவு போகவில்லை.

சரியான முறை இது: அதே டைரக்டரியில் தற்காலிகக் கோப்பு திறந்து எழுதுங்கள். ரைட் எத்தனை பைட் எழுதினேன் என்று சொல்கிறதோ அதைப் பாருங்கள், நீங்கள் கேட்டதைவிடக் குறைவாகவும் எழுதலாம். பிறகு, தரவை டிஸ்க்கில் சேர்த்துவிடு என்று கர்னலிடம் சொல்லும் எஃப்சிங்க், அது என்ன சொல்கிறது என்றும் பார்க்க வேண்டும். அதன் பின் ரீநேம். கடைசியாக டைரக்டரியையும் திறந்து அதற்கும் ஒரு எஃப்சிங்க். அந்தக் கடைசிப் படியைப் பத்தில் எட்டுப் பேர் விட்டுவிடுவதை நான் ரிவ்யூவில் பார்த்திருக்கிறேன்.

எஃப்சிங்க் தோற்றால் திரும்ப அழைக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். கூடாது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளக் குழுவே 2018இல் இதில் அதிர்ந்துபோனது. லினக்ஸில் எஃப்சிங்க் தோற்ற பிறகு, எழுத முடியாமல் போன மெமரிப் பக்கத்தை எழுதி முடித்த பக்கம் போலக் கர்னல் குறித்துவிடலாம். இரண்டாம் முறை கேட்டால் ‘வெற்றி’ என்று வரும், தரவு எங்கும் இருக்காது. இருபது வருடமாக நம்பியிருந்தது தவறு என்று தெரிந்ததும், எஃப்சிங்க் தோற்றால் சர்வரை உடனே நிறுத்திவிட்டு, மாற்றங்களைக் குறித்து வைத்திருக்கும் லாகிலிருந்து மீண்டும் எழுப்புவது என்று 2019 பிப்ரவரியில் மாற்றினார்கள். கர்னல், தரவுத்தளம் இரண்டுமே திறந்த மூலம் என்பதால் இரு தரப்பும் ஒரே நிரலைப் பார்த்துப் பேச முடிந்தது. அந்த விவாதத்தை முழுவதும் படித்தேன். பாடப்புத்தகம் எதிலும் எனக்கு இவ்வளவு கிடைத்ததில்லை.

மேலே உள்ள பதிலுக்கு: ஒவ்வொரு தடவையும் எஃப்சிங்க் போட்டால் வேகம் போய்விடாதா?

போகும். நூறு பேர் காத்திருந்தால் நூறு பேருக்கும் சேர்த்து ஒரே எஃப்சிங்க் போடுங்கள். தரவுத்தளங்கள் அப்படித்தான் சமாளிக்கின்றன.

எல்லாரும் பார்க்கும் நிரலில் திருட்டுத்தனம் செய்ய முடியாது என்பார்கள். எக்ஸ்இசட் விஷயத்துக்குப் பிறகும் அதை நம்புகிறீர்களா?

நடந்ததைத் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் கருவி, கிட்டத்தட்ட எல்லா லினக்ஸிலும் உண்டு. பல வருடமாக ஒரே மனிதர் சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்து, இரண்டு வருடத்துக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கை சம்பாதித்தார். ‘ஏன் இவ்வளவு தாமதம், வேறொருவருக்குக் கொடுங்கள்’ என்று வேறு சில கணக்குகளிலிருந்து அழுத்தமும் வந்தது. பொறுப்பு கைமாறியது. 2024 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு பின்வாசல் (ரகசியமாக உள்ளே புக உதவும் நிரல்) நுழைந்தது.

அதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் நிரலர். டெபியன் லினக்ஸின் ‘சிட்’ எனும் நிலைப்படாத பதிப்பில் வேகம் அளந்துகொண்டிருந்தபோது, தொலைவிலுள்ள மெஷினுக்குள் போக உதவும் எஸ்எஸ்எச்சில் உள்நுழைவுக்கு வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அரை விநாடி! நம்மில் எத்தனை பேர் ‘நெட் ஸ்லோ’ என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருப்போம்? அவர் விடவில்லை. தோண்டிக்கொண்டே போனார். பின்வாசலின் உடல், டெஸ்ட் கோப்புகள் என்ற பெயரில் ஒளிந்திருந்தது. அதை எழுப்பிவிடும் வரிகள் வெளியீட்டுக்காகக் கட்டித் தரும் டார் கோப்பில் மட்டும் இருந்தன, நிரலின் மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கிட்டில் இல்லை. கிட்டை மட்டும் படித்தவருக்கு முழுத் தந்திரமும் பிடிபட்டிருக்காது.

எனவே என் பதில்: நிரல் திறந்திருப்பதால் யாரோ பார்க்கிறார்கள் என்று நினைப்பது தப்பு. பார்க்க விரும்பிய ஒருவருக்குக் கதவு திறந்திருந்தது, அதுதான் காப்பாற்றியது. மூடிய மென்பொருளாக இருந்தால், அந்த அரை விநாடியைக் கவனித்திருந்தாலும் அதற்கு மேல் அவர் இவ்வளவு சீக்கிரம் போயிருக்க முடியாது. ஆனால் உலகமே தாங்கிக்கொண்டிருந்த ஒரு கருவியை ஒரு தனி மனிதரின் தலையில் வைத்துவிட்டு, அவர் சோர்ந்த நேரத்தில் ‘ஏன் தாமதம்’ என்று மட்டும் கேட்டோம். அதை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது. 2014இல், இணையத் தொடர்பை மறையாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் நிரலில் ஹார்ட்ப்ளீட் என்ற ஓட்டை வெளிப்பட்ட சமயத்தில்கூட இதையே பேசினோம். அப்போது ஓபன்எஸ்எஸ்எல் திட்டத்துக்கு வருடத்துக்கு ஏறக்குறைய 2000 டாலர்தான் நன்கொடையாக வந்துகொண்டிருந்தது.

நான் ஒரு சிறு லைப்ரரி எழுதி வெளியிட்டேன். இப்போது தினமும் யாராவது திட்டுகிறார்கள். நிறுத்திவிடலாமா என்று இருக்கிறது.

நிறுத்தலாம். தாராளமாக. நீங்கள் கொடுத்த உரிமத்திலேயே ‘எந்த உத்தரவாதமும் இல்லை’ என்று எழுதியிருக்கும், அது வெறும் சட்ட வரி இல்லை. திட்டத்தின் அறிமுகக் கோப்பான ரீட்மீயின் முதல் வரியில் ‘இதை இப்போது யாரும் பராமரிக்கவில்லை’ என்று போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: ‘நான் எடுத்துக்கொள்கிறேன்’ என்று முன்பின் தெரியாதவர் வந்தால் அவசரப்பட்டுச் சாவியைக் கொடுக்காதீர்கள். வேண்டுமானால் அவர் நிரலைப் பிரதி எடுத்துத் தனியாக ஃபோர்க் செய்துகொள்ளட்டும்.

தொடர விருப்பம் இருந்தால், வெளியாரின் பேட்ச் வாங்குவதில்லை என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள நிரலைப் பொதுச் சொத்தாகவே கொடுத்துவிட்டார்கள், ஆனாலும் அவர்கள் வெளியார் பேட்ச்களை ஏற்பதில்லை. அதை யாரும் குறைவான மென்பொருள் என்று சொல்ல முடியாது.

முதல் பங்களிப்பாக என்ன செய்யலாம்? ரீட்மீயில் எழுத்துப்பிழை திருத்தினால் போதுமா?

பிழை ரிப்போர்ட் ஒன்றை எடுத்து, உங்கள் மெஷினில் அதைத் திரும்ப வரவழைத்துக் காட்டுங்கள். பிறகு, மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் கிட் பைசெக்ட் ஓட்டுங்கள். ஆயிரம் கமிட்டுக்குள் ஒளிந்திருந்தாலும் பத்துச் சோதனையில் எந்த மாற்றத்தால் வந்தது என்று தெரிந்துவிடும். ஒரு வரி நிரல்கூட எழுத வேண்டாம், பராமரிப்பாளர் உங்கள் பெயரை மறக்கவே மாட்டார்.

ஜிபிஎல் உரிமத்தின் பக்கமே போகாதே என்று எங்கள் கம்பெனியில் பயமுறுத்துகிறார்கள்.

ஜிசிசி என்ற கம்பைலரில் கம்பைல் செய்து லினக்ஸில் ஓட்டினால் மட்டும் உங்கள் நிரல் ஜிபிஎல் ஆகிவிடாது. ஜிபிஎல் நிரலை உங்கள் பொருளுக்குள் சேர்த்து மற்றவருக்குக் கொடுக்கும்போதுதான் மூல நிரலையும் கொடுக்க வேண்டிய கடமை வரும். அதில் சந்தேகம் இருந்தால் வழக்கறிஞரைக் கேளுங்கள். என் அனுபவத்தில், ஒரே கம்பெனியின் கையில் முழு உரிமையும் இருக்கும் திட்டத்தில்தான் ஆபத்து அதிகம். ரெடிஸ் என்ற தரவுத்தளம் 2024 மார்ச்சில் உரிமத்தை இறுக்கி மாற்றியது. சில நாட்களிலேயே வால்கீ என்ற ஃபோர்க் கிளம்பியது. அடுத்த வருடம் ரெடிஸே ஜிபிஎல்லின் உறவான ஏஜிபிஎல் உரிமத்தைச் சேர்த்துக்கொண்டது.

சியில் ‘அம்மா’ என்ற சொல்லுக்கு, நீளம் சொல்லும் எஸ்டிஆர்லென் 15 என்கிறது. மூன்று எழுத்துத்தானே?

நமக்கு மூன்று: அ, ம், மா. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடுக்கு ஐந்து, ஏனென்றால் அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என்று தனித்தனியாக எண்ணும். அவற்றைப் பைட்டாக எழுதும் யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் 3 பைட். எஸ்டிஆர்லென் எண்ணுவது பைட்டை, அதனால் 15. பத்து பைட்டில் வெட்டினால் ஓர் எழுத்தின் நடுவில் வெட்டு விழும். யூடிஎஃப்-8ஐ 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வடிவமைத்தபோது, நடுவில் விழுந்தாலும் இரண்டு மூன்று பைட் பின்னால் போய் எழுத்தின் தொடக்கத்தைப் பிடிக்கும்படி வைத்தார்கள். அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. ‘கொடி’யின் ‘கொ’வை இரண்டு விதமாக எழுதலாம்: க-வோடு ஒரே குறியாக ‘ஒ’ உயிர்க்குறி, அல்லது ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக. திரையில் வித்தியாசமே தெரியாது. லினக்ஸுக்குக் கோப்பின் பெயர் வெறும் பைட்தான். ஆகவே ஒரே டைரக்டரியில் ‘கொடி’ என்று இரண்டு கோப்புகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்க முடியும். ஒப்பிடும் முன் இரண்டையும் யூனிகோடின் என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

ஏஐ எழுதிய பேட்ச்சை அனுப்பலாமா?

திட்டத்தின் விதியைப் பாருங்கள். அனுமதி இருந்தாலும், ‘ஏன் இந்த வரி?’ என்று கேட்டால் உங்களால் பதில் சொல்ல முடியாத எதையும் அனுப்பாதீர்கள். கர்னல் பேட்ச்சின் அடியில் போடும் கையொப்ப வரி உங்கள் பெயரில்தான் இருக்கிறது.

அக்கா, முதல் கேள்வி கேட்டவன்தான். எஸ்ட்ரேஸ் ஓட்டிப் பார்த்தேன். என் கோப்பு 412 பைட். ‘கேட்’ 131072 பைட் கேட்டு ரீட் போட்டது, 412 வந்தது. எல்லாம் படித்த பிறகும் இன்னொரு ரீட் போடுகிறது, 0 வருகிறது. அது எதற்கு?

அருமை தம்பி, இதைக் கவனித்தீர்களே! கேட்டதைவிடக் குறைவாக வந்தால் கோப்பு முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றுக்கு அனுப்பும் பைப்பிலும் டெர்மினலிலும் இருக்கிற அளவுக்குத்தான் வரும், மீதி பிறகு வரும். முடிந்தது என்று கர்னல் சொல்வது அந்த 0 மூலமாகத்தான். அளவை முன்பே எஃப்ஸ்டாட் என்ற அழைப்பில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாமே என்று தோன்றும். கர்னல் தன் தகவலைக் கோப்பு போலக் காட்டும் ப்ராக் டைரக்டரியில் சிபியூஇன்ஃபோ என்று ஒரு கோப்பு இருக்கிறது, அதையும் இதே மாதிரி ‘கேட்’ செய்து பாருங்கள். எஃப்ஸ்டாட் அளவு 0 என்று சொல்லும், ரீட் ஆயிரக்கணக்கான பைட்டைக் கொண்டுவந்து கொட்டும்.