லேயிலிருந்து கோவாவுக்கு விமானத்தில் போக எப்படித் திட்டமிடுவது?

கேள்வி கேட்டவர் சொல்லியிருப்பது இது: செப்டம்பர் கடைசியில் லடாக், அது முடிந்ததும் கோவா. காலையில் லே–டெல்லி விமானம், மூன்று மணி நேரம் கழித்து டெல்லி–கோவா. இரண்டும் வேறு வேறு நிறுவனம், தனித்தனி டிக்கெட். அப்படி எடுத்தால் தலைக்கு இரண்டாயிரம் ரூபாய் மிச்சம். சரிப்படுமா?

சரிப்படாது. நாங்கள் இருப்பது டெல்லியில். லடாக் போகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் எங்கள் வீட்டு வழியாகத்தான் போவார்கள், வருவார்கள். அவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: லேயிலிருந்து கிளம்பும் நாளன்று வேறு எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

லே விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து 3,256 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுற்றிலும் மலை. ஓடுபாதையின் ஒரு முனை மலையை நோக்கி ஏறுவதால், பொதுவாக ஒரு பக்கமாக இறங்கி, வந்த பக்கமாகவே மேலெழும்ப வேண்டும். மேகம் மூடிவிட்டால் விமானி இறக்கமாட்டார். காலையில் நிலைமை பரவாயில்லை. வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கில் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும். ஏற்கெனவே மெலிந்த காற்று சூட்டில் இன்னும் மெலிந்து, இறக்கைக்கும் தூக்குவிசை குறையும், இன்ஜினுக்கும் பலம் குறையும். அதனால்தான் அங்கே பயணிகள் விமானங்களைப் பெரும்பாலும் காலையிலேயே முடித்துவிடுகிறார்கள்.

இதில் மாட்டிக்கொள்வது நாம்தான். மற்ற ஊர்களில் காலை விமானம் போகாவிட்டால் மாலையில் ஒன்று இருக்கும். லேயில் காலை போனால் அடுத்தது மறுநாள் காலைதான். மறுநாள் விமானங்களோ சீசனில் ஏற்கெனவே நிரம்பியிருக்கும்.

என் சித்தப்பா மகன் குடும்பத்துக்கு இதுதான் நடந்தது. பாதுகாப்புச் சோதனை முடிந்து உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள். டெல்லியிலிருந்து வந்த விமானம் லேக்கு மேலே கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு இறங்காமலே திரும்பிப் போய்விட்டது. லே டிக்கெட்டுக்கு மாற்று விமானம் கொடுத்தார்கள். தனியாக எடுத்திருந்த அடுத்த டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பில்லை, ‘வரவில்லை’ என்று எழுதி மொத்தப் பணமும் போனது. இதில் கூத்து என்னவென்றால், விமானம் ரத்து என்கிற எஸ்எம்எஸ் அவர்கள் டெல்லியில் இறங்கிய பிறகுதான் போனில் விழுந்தது. வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. குழுவில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்கட்டும், டிக்கெட் எடுக்கும்போது அந்த எண்ணையே கொடுங்கள்.

விமான நிறுவனம் ரத்து செய்தால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்டு வாங்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் காரணம் வானிலை என்றால் நஷ்டஈடு கிடையாது. ஆகவே உங்களுக்கு இரண்டு வழிதான். ஒன்று, லேயிலிருந்து கோவா வரைக்கும் ஒரே பிஎன்ஆரில் எடுப்பது. லேயில் பிசகினால் கோவா வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் வேலை. பெட்டியையும் லேயிலேயே கோவாவுக்கு டேக் போட்டுவிடுவார்கள். இரண்டாவது, தனித்தனியாகத்தான் எடுப்பேன் என்றால் டெல்லியில் ஓர் இரவு தங்கி மறுநாள் கிளம்புவது. நானாக இருந்தால் ஒரே பிஎன்ஆரும் எடுப்பேன், கோவாவில் முதல் நாளுக்கு முன்பணமும் கட்டமாட்டேன்.

மூன்று மணி நேர இடைவெளி வேறு ஒரு விதத்திலும் இடிக்கும். தனி டிக்கெட்டில் டெல்லியில் பெட்டியை எடுத்து, மறுபடி கவுன்ட்டரில் போட வேண்டும். கவுன்ட்டரை ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். டெர்மினல் மூன்றில் இறங்கி ஒன்றில் ஏற வேண்டியிருந்தால் நடந்து போகிற தூரமில்லை, பஸ்ஸோ டாக்ஸியோ பிடிக்க வேண்டும்.

தேதியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். லடாக்குக்கு நல்ல காலமான ஜூன்–செப்டம்பரில் கோவாவில் மழை. அலை முரட்டுத்தனமாக இருக்கும், சிவப்புக் கொடி நட்டிருப்பார்கள். கோவா களைகட்டும் டிசம்பர், ஜனவரியில் லேயில் குழாய்த் தண்ணீர் உறைந்து கிடக்கும். இரண்டும் ஓரளவு ஒத்துவருவது அக்டோபரில். முடிந்தால் இரண்டு வாரம் தள்ளிப் போடுங்கள். லேயில் இரவுக் குளிர் கூடும், ஆனால் கோவாவில் மழை ஓய்ந்து, கடற்கரை ஓலைக்கூரைக் கடைகளையும் ஒவ்வொன்றாகக் கட்டத் தொடங்கியிருப்பார்கள்.

உடம்பைப் பற்றிக் கவலை வேண்டாம், மலையேறும்போதுதான் பாடு. பறக்கும்போது விமானத்துக்குள் காற்றழுத்தத்தைச் சுமார் 6,000 முதல் 8,000 அடி உயரத்துக்குச் சமமாக வைத்திருப்பார்கள். லேயே 10,600 அடிக்கு மேல். அதனால் மேலே போகப் போக மூச்சு விடுவது இன்னும் சுலபமாகத்தான் இருக்கும்! லேயில் குடித்துவிட்டு இறுக மூடிய தண்ணீர் பாட்டில் டெல்லியில் இறங்கும்போது யாரோ மிதித்ததுபோல் நசுங்கியிருக்கும், பயப்பட வேண்டாம். கைக்குழந்தை இருந்தால் இறங்கும் நேரத்தில் பால் கொடுங்கள், காது அடைக்காது. மீதமிருக்கிற ஆக்சிஜன் கேனை ஹோட்டலிலேயே விட்டுவிடுங்கள், விமானத்தில் அனுமதி இல்லை.

கோவாவில் ஸ்கூபா டைவிங் ஆசை இருந்தால் உங்கள் வரிசைதான் சரி. முதலில் கடல், பிறகு லே என்று போகிறவர்கள் டைவிங் முடிந்து ஒரு முழு நாளாவது காத்திருந்து விமானம் ஏற வேண்டும்.

கடைசியாக, கோவாவில் எந்த விமான நிலையம்? 2023 ஜனவரியிலிருந்து இரண்டு. வடக்கே மோபா, தெற்கே வாஸ்கோ பக்கம் பழைய டாபோலிம். டிக்கெட் தேடும்போது இரண்டும் ‘கோவா’ என்றே வரும், விலையை மட்டும் பார்த்துக் கிளிக் செய்யாதீர்கள். ஆரம்போல், மாண்ட்ரம் போன்ற வடகோவா கடற்கரைகளுக்கு மோபா பக்கம். பாலோலெம், அகோண்டா என்றால் டாபோலிம்தான். மோபாவில் இறங்கிப் பாலோலெம் போவதென்றால் மாநிலத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி, டாக்ஸிக்காரர் கேட்கும் தொகையில் நீங்கள் மிச்சம் பிடித்த இரண்டாயிரம் அப்படியே போய்விடும். டாபோலிம் கடற்படைத் தளமும்கூட, வார நாட்களில் காலையில் சில மணி நேரம் பயணிகள் விமானத்தை விடுவதில்லை. அதனால் டெல்லியில் தங்கிப் போகிறவர்கள் மதியத்துக்கு மேல் இறங்குகிற விமானமாகப் பார்த்தால் நிறைய கிடைக்கும்.