யாழ்ப்பாணத்தில் படுக்கையில் கிடக்கும் முதியவர்களுக்கு அரச உதவி கிடைக்குமா? என்ன மாற வேண்டும்?

காசு கொஞ்சம் கிடைக்கும், பார்க்க ஆள் கிடைக்காது.

வசதி குறைந்த 70 வயது கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மாதக் கொடுப்பனவு உண்டு. பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைக் கேளுங்கள். கைதடியில் அரச முதியோர் இல்லமும் இருக்கிறது. முதியோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, கைவிட்ட பிள்ளைகளிடம் பராமரிப்புச் சபை மூலம் பணம் கேட்கலாம். சரி, பிள்ளை கனடாவில் இருந்தால்? காசு அனுப்புவார். அந்தக் காசு எழும்பி வந்து ஆளைப் புரட்டிவிடாதே!

எங்கள் அம்மம்மா கடைசி இரண்டு வருடமும் படுக்கைதான். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும் என்று ஒரு தாதி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும், அதுவும் முதுகில் புண் வந்த பிறகு. அதன்பின் இரவிலும் அம்மாதான் எழும்புவார். அம்மாவின் இடுப்பு இன்னும் சரிவரவில்லை.

என்னைக் கேட்டால், புதிதாக இல்லங்கள் கட்டுவதற்கு முன் வீட்டுக்கு ஆள் வர வேண்டும். கர்ப்பிணியையும் குழந்தையையும் பார்க்கக் குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வருகிறாரே, அதே மாதிரிப் பயிற்சி பெற்ற பராமரிப்பாளர் ஒருவர். மாற்றுத்திறனாளிப் பிள்ளையை வளர்க்கும் தாய்க்கும் அவர் உதவுவார். அதற்குக் காசு? ஜப்பானில் 2000இலிருந்து, வயதானபின் பராமரிப்புக் கிடைக்க ஒரு காப்புறுதி இருக்கிறது, 40 வயதிலிருந்தே எல்லோரும் அதற்குப் பணம் கட்ட வேண்டும். தோட்டக்காரரும் கடற்றொழிலாளரும் நிறைந்த இங்கே மாதச் சம்பளத்தில் கழிக்க வழியில்லை, ஆகவே வரிப்பணத்தில்தான் தொடங்க வேண்டியிருக்கும்.