தோற்ற அணிக்குச் சீட்டு உண்டு, பரிசு யாருக்கு?

கேள்வி: கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் குடியேறி நான்கு வருடம் ஆகிறது. அலுவலகத்தில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் கூடைப்பந்து அணியின் பழைய ரசிகர்கள் சிலர் இருக்கிறார்கள். கோப்பைகளைப் பற்றிப் பேசுவதைவிட, அதற்கு முந்தைய தோல்வி வருடங்களைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். ஏதோ சிறை சென்ற தியாகிகள் போல! அணிக்குச் சாபம் இருந்தது என்கிறார்கள். என்.பி.ஏ. என்கிற அமெரிக்கக் கூடைப்பந்து லீகில் தோற்கும் அணிக்குத்தானே அடுத்த வருடம் நல்ல புதுமுகத்தை எடுக்கும் வாய்ப்பு? பிறகு எப்படி 12 வருடம் தொடர்ந்து தோற்க முடியும்? 2012-ல் வேண்டுமென்றே தோற்றார்களாமே, அதுவும் உண்மையா? (வாசகர், ஃப்ரீமான்ட்)

பதில்: தியாகி பென்ஷன் கேட்காதவரை அவர்களை விட்டுவிடுங்கள். அவர்கள் சொல்லும் கஷ்டம் நிஜம். சொல்லும் காரணம்தான் தப்பு.

முதலில் கஷ்டம். 1994-95 முதல் 2005-06 வரை 12 சீசன். 952 ஆட்டங்களில் 332 வெற்றி, 620 தோல்வி. அந்தக் காலத்தில் லீகில் இருந்தவை 27 முதல் 30 அணிகள். அதில் 16 அணிகள் ப்ளேஆஃப், அதாவது கோப்பைக்கான அடுத்த கட்டத்துக்குப் போகும். அதாவது பாதிக்கு மேல் பாஸ் ஆகும் பரீட்சையில் 12 தடவை ஃபெயில். அதிகபட்ச மதிப்பெண் 2002-03-இன் 38 வெற்றி; குறைந்தபட்சம் 2000-01-இன் 17. டான் நெல்சன் பயிற்சியாளர் பொறுப்பை விட்டது 1995 பிப்ரவரியில். 2006-ல் அவரே திரும்பி வந்து உட்காருவதற்குள், தற்காலிகமாக வந்தவர்களையும் சேர்த்து எட்டுப் பேர் அந்த நாற்காலியைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இனி உங்கள் 'தோற்றால் லாபம்' கணக்கு. தோற்ற அணிக்குக் கிடைப்பது புதுமுகம் அல்ல. ஒரு லாட்டரிச் சீட்டு. எந்திரத்தில் 14 பந்துகள் இருக்கும், நான்கை எடுப்பார்கள். 1,001 சேர்க்கைகள் சாத்தியம். ஒன்றைத் தள்ளிவிட்டு, மீதி 1,000-ஐ ப்ளேஆஃப் போகாத அணிகளுக்குப் பங்கிடுவார்கள். அன்றைய விதியில் கடைசி இடத்து அணிக்கு 250, அதாவது 25 சதவீதம். குலுக்கல் முதல் மூன்று இடங்களுக்கு மட்டுமே. மற்றவர்கள் தோல்வி வரிசைப்படி நிற்பார்கள். அதனால் இரண்டாவது மோசமான அணி அதிர்ஷ்டம் கெட்டால் ஐந்தாம் இடம்வரை இறங்கலாம். 65 ஆட்டம் தோற்ற வாரியர்ஸுக்கு 2001-ல் நடந்தது அதேதான். ஐந்தாவதாக ஜேசன் ரிச்சர்ட்ஸனை எடுத்தார்கள், நல்ல தேர்வு. 'சாபம்' என்று யாராவது சொன்னால் இந்த ஒரு குலுக்கலுக்கு மட்டும் தலையாட்டலாம். மற்றதெல்லாம் சொந்தக் கைவேலை.

பரிசு விழ வேண்டுமானால் சீட்டு முதலில் உங்கள் பையில் இருக்க வேண்டும். 1993 ஜூனில், அணிகள் புதுமுகங்களை வரிசைப்படி எடுக்கும் டிராஃப்டில், ஆர்லாண்டோ முதல் தேர்வாக எடுத்த கிறிஸ் வெப்பரை வாங்க வாரியர்ஸ் கொடுத்த விலை: மூன்றாவதாக எடுத்த பென்னி ஹார்டவே, கூடவே 1996, 1998, 2000 ஆண்டுகளின் முதல் சுற்றுத் தேர்வுகள், அதாவது அந்தந்த வருட டிராஃப்டின் முதல் சுற்றில் ஆள் எடுக்கும் உரிமை. வெப்பர் வந்தார், அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் ஆனார், அணி 50 ஆட்டம் வென்றது. ஆனால் 15 வருடம், 74 மில்லியன் டாலர் என்று எழுதிய ஒப்பந்தத்தில், முதல் வருடம் முடிந்ததும் வெளியேறலாம் என்று ஒரு வரியும் இருந்தது. நெல்சனோடு ஒத்துப்போகாத வெப்பர் அந்த வரியைப் பயன்படுத்தினார். 1994 நவம்பரில் அவர் வாஷிங்டனுக்குப் போக, டாம் குக்லியோட்டாவும் மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளும் வந்தன. குக்லியோட்டாவையும் மூன்றே மாதத்தில் மினசோட்டாவுக்கு அனுப்பி, டானியெல் மார்ஷலை வாங்கினார்கள்.

ஆர்லாண்டோவிடம் கொடுத்த மூன்று சீட்டுகளில் 1996, 1998 இரண்டும் இந்த வாஷிங்டன் பேரத்தில் சுற்றிச் சுழன்று வீடு திரும்பின. 2000-ஆம் ஆண்டுச் சீட்டு திரும்பவில்லை. வெப்பர் போய் ஆறு சீசன் ஆன பிறகு, 63 ஆட்டம் தோற்று வாரியர்ஸ் சம்பாதித்த ஐந்தாவது தேர்வில் மைக் மில்லரை எடுத்தது ஆர்லாண்டோ! அடுத்த வருடம் சிறந்த புதுமுகம் அவர்தான். வாரியர்ஸ் தோற்றது, கூலி ஆர்லாண்டோவுக்கு. ஒரு வீரருக்காக ஏழு வருடம் தள்ளியுள்ள சீட்டை எழுதிக் கொடுப்பவர்கள், ஏழு வருடம் கழித்தும் நாம் நல்ல அணியாகவே இருப்போம் என்று பந்தயம் கட்டுகிறார்கள். பேரம் பேசும் நாளில் யாருக்கும் அது பந்தயமாகவே தோன்றாது.

சீட்டு கையில் இருந்த வருடங்களிலாவது சரியாகத் தேய்த்துப் பார்த்தார்களா? 1995-ல் முதல் தேர்வே விழுந்தது. ஜோ ஸ்மித்தை எடுத்தார்கள். அதே டிராஃப்டில் ஐந்தாவதாகப் போனவர் கெவின் கார்னெட். 1996-ல் பதினோராவதாக டாட் ஃபுல்லர். பதின்மூன்றாவது கோபி பிரையன்ட், பதினைந்தாவது ஸ்டீவ் நேஷ், பதினேழாவது ஜெர்மெய்ன் ஓநீல். 1997-ல் எட்டாவதாக அடோனல் ஃபாயில். ஒன்பதாவது டிரேசி மெக்ரேடி. 1998-ல் ஐந்தாவதாக வின்ஸ் கார்ட்டரைக் கையில் பிடித்து, அன்றே டொரான்டோவுக்குக் கொடுத்து, ஆன்ட்வான் ஜேமிசனை வாங்கினார்கள்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். கார்னெட்டும் கோபியும் பள்ளியிலிருந்து நேரே வந்த பையன்கள். கோபியைப் பல அணிகள் தாண்டிப் போயின. பின்னால் நின்று பார்த்தால் எல்லோரும் மேதைதான். ஜேமிசனும் சோடை போனவர் இல்லை. 2000 டிசம்பரில் அடுத்தடுத்த இரண்டு ஆட்டங்களில் 51, 51 புள்ளிகள் எடுத்தார். இரண்டாவது, ஓக்லண்டில் லேக்கர்ஸுக்கு எதிராக. எதிரே கோபியும் அதே 51. கூடுதல் நேரத்தில் வாரியர்ஸ் வென்றது. அந்த சீசனின் 17 வெற்றிகளில் அது ஒன்று. உங்கள் சகஊழியர்கள் தேதியோடு சொல்வார்கள். வருடத்துக்கு 17 தீபாவளி வந்தால் ஒவ்வொன்றும் நினைவிருக்காதா என்ன!

தேர்ந்தெடுத்த ஆளைத் தக்கவைப்பதிலும் கோட்டை விட்டார்கள். ஜோ ஸ்மித் கதையை இரண்டு வரியில் முடிக்கலாம். 1998 பிப்ரவரியில் அவரை ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்து ஜிம் ஜாக்சன், கிளாரன்ஸ் வெதர்ஸ்பூன் என்று இருவரை வாங்கினார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் இருவரும் நடையைக் கட்டினார்கள். முதல் தேர்வுச் சீட்டு ஒரு வருடத்துக்குள் பூஜ்யம். அதற்குச் சற்று முன்னால், 1997 டிசம்பர் 1 அன்று, அணியின் நட்சத்திரம் லட்ரெல் ஸ்ப்ரீவெல் பயிற்சியின்போது பயிற்சியாளர் கார்லெசிமோவின் கழுத்தைப் பிடித்தார். ஊரறிந்த விஷயம் அது, விவரிக்க வேண்டியதில்லை. தடைக்காலம் முடிந்து 1999 ஜனவரியில் நியூயார்க் போனவர், அதே சீசனில் அந்த அணியோடு இறுதிச் சுற்றில் ஆடினார்.

இதையெல்லாம்விட கில்பர்ட் அரீனாஸ் விவகாரத்தைத்தான் நீங்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். இங்கே வாரியர்ஸ் சரியாகத்தான் தேர்வு செய்தார்கள். 2001-ல் இரண்டாம் சுற்றில் எடுத்தவர், இரண்டே வருடத்தில் லீகில் மிக அதிகம் முன்னேறிய ஆட்டக்காரர் விருதை வாங்கினார். சிக்கல் ஒப்பந்தத்தில். முதல் சுற்று ஆட்டக்காரரின் சம்பளமும் ஆண்டுகளும் விதிப்படி கட்டப்பட்டவை. இரண்டாம் சுற்றுக்கு அந்தக் கட்டு இல்லை. அரீனாஸின் ஒப்பந்தம் இரண்டே வருடம். சம்பள உச்சவரம்பைத் தாண்டிய அணி தன் ஆளைத் தக்கவைக்க வரம்பை முழுசாக மீற வேண்டுமென்றால், அவர் மூன்று சீசன் அங்கே இருந்திருக்க வேண்டும். இரண்டு சீசன்தான் என்றால், ஏறக்குறைய லீகின் சராசரிச் சம்பளம்வரை மட்டுமே தரலாம். 2003-ல் வரம்புக்குள் இடம் வைத்திருந்த வாஷிங்டன் அதற்கு மேல் ஒரு தொகையைச் சொன்னது. அதே தொகையைத் தந்து ஆளை வைத்துக்கொள்ளும் உரிமை, அதாவது ஈடுகட்டும் உரிமை, வாரியர்ஸிடம் காகிதத்தில் இருந்தது. ஈடுகட்டும் பணத்துக்கு விதியில் இடமில்லை. 2005-ல் லீக் இந்த ஓட்டையை அடைத்தது. அந்தத் திருத்தத்துக்கு இன்றைக்கும் அரீனாஸ் விதி என்றே பெயர். நோயாளி போன பிறகு வந்த மருந்து.

2007 வசந்தத்தைப் பற்றி உங்கள் அலுவலகத்தார் கண் கலங்கப் பேசியிருப்பார்கள். 42 வெற்றியோடு, எட்டாவது அணியாக உள்ளே நுழைந்த வாரியர்ஸ், 67 ஆட்டம் வென்ற டாலஸை 4-2 என்று வீட்டுக்கு அனுப்பியது. நெல்சன் அதற்கு முன் பயிற்சியளித்த அணி டாலஸ் என்பது கூடுதல் மசாலா. அடுத்த வருடம் 48 வெற்றி. ஆனாலும் மேற்குப் பிரிவில் எட்டாம் இடத்துக்கு 50 தேவைப்பட்டதால் வெளியே! 2008 கோடையில் பேரன் டேவிஸும் போய்விட, மறுபடி பழைய குருடி.

இனி 2012. வேர் 2008-ல் இருக்கிறது. நியூ ஜெர்சியிலிருந்து மார்கஸ் வில்லியம்ஸ் என்ற மாற்று ஆட்டக்காரரை வாங்க, எதிர்கால முதல் சுற்றுத் தேர்வு ஒன்றை நிபந்தனையோடு கொடுத்தார்கள். அவர் வாரியர்ஸுக்கு ஆடியது 9 ஆட்டம். கடன் மட்டும் நின்றது. பின்னர் அது கைமாறி யூட்டாவிடம் போனது. 2012-க்கான நிபந்தனை இதுதான்: தேர்வு முதல் ஏழு இடத்துக்குள் விழுந்தால் வாரியர்ஸுக்கு, எட்டு அல்லது அதற்குக் கீழே என்றால் யூட்டாவுக்கு. அப்படியானால் அந்த வருடம் ஏழாவது மோசமான அணியாக இருப்பதற்கும் எட்டாவது மோசமான அணியாக இருப்பதற்கும் நடுவே ஒரு முழு ஆட்டக்காரர் நிற்கிறார்.

வேண்டுமென்றே தோற்றார்களா? களத்தில் நின்ற யாரும் தோற்க ஆடவில்லை. யார் களத்தில் நிற்பது என்பதை முடிவு செய்த அலுவலகம் கணக்குத் தெரிந்த அலுவலகம். மார்ச் 13 அன்று மான்ட்டா எல்லிஸைக் கொடுத்து, காயத்தோடு இருந்த ஆண்ட்ரூ போகட்டை மில்வாக்கியிலிருந்து வாங்கினார்கள். அவர் அந்த சீசனில் வாரியர்ஸுக்கு ஒரு ஆட்டமும் ஆடவில்லை. கணுக்கால் பிரச்சினையால் ஸ்டீஃபன் கரி ஆடியது மொத்தமே 26. மீதியைப் புதுமுகங்கள் ஆடினார்கள். லாக்அவுட்டால், அதாவது உரிமையாளர்களின் கதவடைப்பால், சுருங்கிய 66 ஆட்ட சீசன் 23-43 என்று முடிந்தது. டொரான்டோவும் அதே 23-43. யார் ஏழு, யார் எட்டு என்று நாணயம் சுண்டினார்கள், வாரியர்ஸ் வென்றது. மே மாதக் குலுக்கலில் பின்னாலிருந்த யாரும் முன்னே தாவவில்லை. ஏழாம் இடம் நிலைத்தது, ஹாரிசன் பார்ன்ஸ் வந்தார். அடுத்த வருடம் அணி 47 ஆட்டம் வென்றதால், யூட்டாவுக்குப் போய்ச் சேர்ந்த கடன் வெறும் 21-ஆவது தேர்வு. 1993-ல் நிபந்தனையில்லாமல் எழுதிக் கொடுத்ததற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். பார்ன்ஸ், அதே டிராஃப்டில் 35-ஆவதாக வந்த டிரேமண்ட் கிரீன், 2009-இன் ஏழாவது தேர்வு கரி, 2011-இன் பதினோராவது தேர்வு கிளே தாம்ஸன், நடுவில் போகட்: 2015-ல் கோப்பை வாங்கிய அணி இதுதான், 1975-க்குப் பிறகு முதல் முறையாக.

இப்போது உங்கள் சகஊழியர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். 2012 மார்ச் 19, எல்லிஸ் போன ஆறாவது நாள். கிறிஸ் மல்லினின் 17-ஆம் எண் சட்டைக்கு ஓய்வு கொடுக்கும் விழா. மைக்கைப் பிடித்த உரிமையாளர் ஜோ லேகப்பைப் பேச விடாமல் அரங்கமே ஊளையிட்டது. மல்லின் வந்து சமாதானம் சொன்னார், அடங்கவில்லை. பழைய நட்சத்திரம் ரிக் பேரி மைக்கை வாங்கித் திட்டினார். சத்தம் இன்னும் கூடியது. 620 தோல்விகளையும், நாள் தவறாமல் டிக்கெட் வாங்கிப் பொறுத்துக்கொண்ட கூட்டம், தன்னைக் கரையேற்றப்போகும் பேரத்துக்குத்தான் அப்படிக் கத்தியது. சாபக் கதை பேசுபவர்கள் இந்த ராத்திரியை நாசூக்காகத் தாண்டிப் போவார்கள். நீங்கள் தாண்ட விடாதீர்கள்: அன்றைக்கு அரங்கில் இருந்தீர்களா, இருந்தால் கத்தினீர்களா?

"கத்தினேன், எல்லிஸ் எங்கள் பையன்" என்று சொல்பவரோடு உட்கார்ந்து காபி குடியுங்கள். "நான் அப்போதே கரியை நம்பினேன்" என்பவரிடம், மார்கஸ் வில்லியம்ஸ் எத்தனை ஆட்டம் ஆடினார் என்று மட்டும் கேளுங்கள்.