காட்டை அடமானம் வைக்கும் முன் இந்த வேலையையும் பாருங்கள்

காங்கேயத்திலிருந்து ஒரு அப்பா எழுதியிருக்கிறார். அரிசி ஆலையில் பாய்லர் பார்க்கும் வேலை. மகன் கணிதப் பிரிவில் 12-ம் வகுப்பு முடித்திருக்கிறான், மதிப்பெண் சுமார்தான். பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் மச்சான், ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் ஏ.ஐ. - டேட்டா சயின்ஸ் சீட் பேசி வைத்திருக்கிறார். அட்வான்ஸும் கட்டியாகிவிட்டது. மீதிப் பணத்துக்குக் காட்டை அடமானம் வைக்க வேண்டும். பையனோ லீவு விட்டால் அப்பாவோடு ஆலைக்குப் போய்விடுகிறான். "நான் சூட்டில் வெந்தது போதும், அவனாவது ஏ.சி.யில் உட்காரட்டும்" என்று எழுதிவிட்டு, அந்த சீட்டில் சேர்த்துவிடலாமா என்று கேட்கிறார்.

உங்கள் ஆசை புரிகிறது ஐயா. ஆனாலும் இந்த சீட் வேண்டாம்.

கம்ப்யூட்டர் படிப்பின்மேல் எனக்குக் கோபம் இல்லை. உங்கள் கடிதத்தில் மச்சான் சொன்னது இருக்கிறது, பங்காளி சொன்னது இருக்கிறது, பக்கத்து வீட்டுப் பையன் வாங்கும் சம்பளம்கூட இருக்கிறது. உங்கள் மகன் ஒரு நாளாவது ஆசையாக உட்கார்ந்து புரோகிராம் எழுதினான் என்று ஒரு வரி இல்லை. வேறொன்று இருக்கிறது. ஆண்டுச் சோதனைக்குப் பாய்லரைத் திறந்தபோது, ட்யூபில் விழுந்திருந்த குழிகளை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் மட்டும் ஏன் அரிச்சிருக்கு?" என்று வந்த அதிகாரியையே கேட்டானாம். அதிகப்பிரசங்கி என்று அலுத்துக்கொள்கிறீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிப்பதே ஒரு தொழில், தெரியுமா?

பி.இ. மெக்கானிக்கல், ரயில்வே பரீட்சை, அரசு வேலை எல்லாம் டீக்கடையிலேயே சொல்லிவிடுவார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

நான் சொல்வது இன்ஸ்பெக்ஷன். மணலி சுத்திகரிப்பு ஆலை, புகளூர் காகித ஆலை, தூத்துக்குடி உர ஆலை, நெய்வேலி அனல் மின் நிலையம் என்று எங்கே போனாலும் அழுத்தத்திலும் சூட்டிலும் ஓடும் கலன், குழாய், டேங்க், பாய்லர் ஆயிரக்கணக்கில் இருக்கும். இரும்பு உள்ளே தேய்ந்துகொண்டே இருக்கும். வெளியே பெயிண்ட் பளபளக்கும். இன்னும் எத்தனை வருடம் தாங்கும், எப்போது மாற்ற வேண்டும் என்று கையெழுத்துப் போட்டுச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

அந்த ஆள் போடும் கணக்கைப் பாருங்கள். ஒரு கலனின் சுவர் புதிதில் 12 மில்லிமீட்டர். பத்து வருடம் கழித்து, ஒலி அலையால் தடிமனைச் சொல்லும் அல்ட்ராசானிக் கேஜ் வைத்து அளந்தால் 9. வருடத்துக்கு 0.3 போயிருக்கிறது. தாங்குவதற்குக் குறைந்தபட்சம் 7.5 வேண்டும் என்றால், மிச்ச ஆயுள் 5 வருடம். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஏ.பி.ஐ. 510 விதிப்படி அதில் பாதிக்குள், அதாவது இரண்டரை வருடத்துக்குள், மறுபடி திறந்து பார்க்க வேண்டும்.

கணக்கு சுலபம். எங்கே அளப்பது என்பதில்தான் அனுபவம் பேசும். 2012 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் ரிச்மண்டில் செவ்ரான் சுத்திகரிப்பு ஆலையில் 8 அங்குலக் குழாய் ஒன்று கிழிந்து தீப்பிடித்தது. சுற்றுவட்டாரத்தில் சுமார் 15,000 பேர் சிகிச்சை தேடி ஓடினார்கள். அந்த லைனை யாரும் அளக்காமல் விடவில்லை. வளைவுகளில் அளந்தார்கள். கிழிந்ததோ நடுவில் இருந்த ஒரு நேர்த்துண்டு. அதன் எஃகில் சிலிகான் குறைவு. சூடான எண்ணெயில் இருக்கும் கந்தகம் அப்படிப்பட்ட எஃகைத்தான் வேகமாகத் தின்னும். வெளியே பார்த்தால் எல்லாத் துண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

இன்னொன்று. 400 டிகிரி குழாய்க்குப் பக்கத்தில் போகத்தான் எல்லோருக்கும் பயம். ஆனால் வெப்பக்காப்பு சுற்றிய குழாய்களில், 100 டிகிரி பக்கம் ஓடுவதைத்தான் இன்ஸ்பெக்டர் முதலில் சந்தேகப்படுவார். மழைநீர் வெப்பக்காப்பை மூடியிருக்கும் தகட்டுக்கு அடியில் புகுந்தால் 400-இல் ஆவியாகிப் போய்விடும். 100-இல் ஈரம் அங்கேயே தங்கி, வெளிப்பக்கத்திலிருந்து குழாயைத் தின்னும். தகட்டைப் பிரிக்கும்வரை தெரியாது. உங்கள் பையன் டார்ச் அடித்த இடம் இந்த வேலையின் வாசல்தான்.

வழி என்ன? கணிதம், இயற்பியல், வேதியியல் படித்தவனுக்குப் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர இடம் உண்டு. அரசுப் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ, இரண்டே வருடம். அதற்கு யாரும் காட்டை அடமானம் வைப்பதில்லை. பிறகு திருச்சிப் பக்கம் பெல் நிறுவனத்தைச் சுற்றியிருக்கும், இரும்பை வெட்டி வெல்டிங் செய்யும் ஃபேப்ரிகேஷன் கம்பெனிகளிலோ, ஆலையை நிறுத்திப் பராமரிக்கும் ஷட்டவுன் வேலைகளை எடுக்கும் இன்ஸ்பெக்ஷன் கம்பெனியிலோ சேரட்டும். சாயத்தால் விரிசல் தேடும் டை பெனட்ரன்ட், காந்தத்தால் தேடும் மேக்னடிக் பார்ட்டிகிள், ஒலி அலையால் தேடும் அல்ட்ராசானிக் எல்லாம் கையால் பழகி, சொந்தச் சம்பளத்தில் என்.டி.டி. (பொருளை உடைக்காமல் சோதிக்கும் முறை) சான்றிதழ்களை ஒவ்வொன்றாக எடுக்கட்டும். சில வருட அனுபவத்துக்குப் பிறகு ஏ.பி.ஐ. தேர்வுகள்: 510 கலன்களுக்கு, 570 குழாய்களுக்கு, 653 டேங்குகளுக்கு. மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வளைகுடா நாடுகளில் எண்ணெய், எரிவாயு ஆலை இன்ஸ்பெக்டர் வேலைக்கு இவற்றைத்தான் முதலில் கேட்கிறார்கள். பி.இ. ஆசை அப்புறம் வந்தாலும் டிப்ளமோவிலிருந்து இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

ஒரு இடத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். "30 நாளில் பத்து சர்டிபிகேட், லெவல் 2, துபாய் வேலை உறுதி" என்று போஸ்டர் ஒட்டி ஒரு பெரிய தொகை கேட்பார்கள். தானே சோதித்து முடிவு சொல்லும் தகுதியான லெவல் 2-க்கு வகுப்போடு களத்தில் வேலை செய்த அனுபவமும் வேண்டும். பலரும் பின்பற்றும், அமெரிக்க என்.டி.டி. சங்கத்தின் எஸ்.என்.டி.-டி.சி.-1ஏ முறையில் சான்று தருவது வேலை கொடுக்கும் நிறுவனம்தான். நிறுவனம் மாறினால் அது தானாகக் கூடவே வராது. அனுபவம் இல்லாதவன் கையில் பத்து சான்றிதழ் இருந்தால் இன்டர்வியூவில் சந்தேகம்தான் வரும்.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஏ.சி. கிடைக்கும், ரிப்போர்ட் எழுதும்போது. மற்ற நேரம் சாரத்தில் ஏற வேண்டும், மேன்ஹோல் வழியாகக் கலனுக்குள் இறங்க வேண்டும். ஷட்டவுன் நாட்களில் ராத்திரி பகல் கிடையாது. ஷட்டவுன் முடிந்தால் ஒப்பந்த ஆட்களுக்குச் சில மாதம் வேலையே இல்லாமலும் போகும். கதிர் பாய்ச்சி இரும்பின் உள்ளே படம் எடுக்கும் ரேடியோகிராஃபி பக்கம் போனால் இரிடியம்-192 போன்ற கதிரியக்க மூலத்தோடு வேலை. அந்த மூலம் இருக்கும் கருவியைத்தான் கேமரா என்பார்கள். முறையான பயிற்சியும், உடம்பில் பட்ட கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜும் இல்லாமல் "சும்மா கூட வா, கேமராவைப் பிடி" என்று எந்த காண்ட்ராக்டர் கூப்பிட்டாலும் போகக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

மச்சானிடம் நீங்கள் பேசச் சங்கடப்படுவீர்கள், தெரியும். பையன் பேசட்டும், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். கட்டிய அட்வான்ஸ் போய்விடுமே என்பதற்காகச் சீட்டை வைத்துக்கொள்ளாதீர்கள். கல்லூரி தொடங்குவதற்கு முன்னால் விலகினால் தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் கவுன்சிலின் (ஏ.ஐ.சி.டி.இ.) விதிப்படி அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். அசல் சான்றிதழ்களையும் பிடித்து வைக்கக் கூடாது. வாயால் கேட்டால் இழுத்தடிப்பார்கள். ரசீது நகலோடு கடிதம் எழுதி, பதிவுத் தபாலில் இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். பாலிடெக்னிக் விண்ணப்பத்துக்கு மாற்றுச் சான்றிதழ் வேண்டியிருக்கும்.