பக்கவாத ஊசிக்கு நாலரை மணி நேரம் இருக்கிறதே, கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமா?

"நாலரை மணி நேரத்துக்குள் ஊசி போட்டால் போதும் என்கிறார்கள். அப்படியென்றால் உடனே ஓட வேண்டுமா, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போகலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தயவுசெய்து பொறுக்காதீர்கள். நான் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறேன். "படுத்து எழுந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தோம்" என்று வீட்டார் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் மனசு கனத்துப் போகிறது.

மூளையின் பெரிய ரத்தக்குழாய் ஒன்று அடைபட்டால், நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் அழிவதாக 2006இல் கணக்கிட்டிருக்கிறார்கள். அதனால் முதல் ஒரு மணி நேரத்தில் ஏறுகிற மருந்து காப்பாற்றுகிற அளவை, நாலாவது மணியில் ஏறுகிற அதே மருந்து காப்பாற்றாது. 1995இல் வந்த ஆய்வு, அடைப்பைக் கரைக்கும் ஊசி மருந்தான ஆல்டிப்ளேஸ் 3 மணி நேரம் வரை பலன் தருவதைக் காட்டியது. 2008இல் அது நாலரை மணி வரை நீண்டது. அது பலன் கிடைக்கிற கடைசி எல்லை, அவ்வளவுதான்.

அந்த நேரமும் நீங்கள் வாசலுக்கு வந்ததிலிருந்து ஓடுவதில்லை. அவர் கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதுதான் கணக்கு. இரவு 10 மணிக்கு நன்றாகப் படுத்தவர் காலை 6 மணிக்குக் கை தூக்க முடியாமல் எழுந்தால், கடிகாரம் 10 மணியிலிருந்தே ஓடுகிறது. (எம்.ஆர்.ஐ. பார்த்து இப்படிப்பட்ட சிலருக்கும் ஊசி போட முடிகிறது.) ஆகவே வாய் கோணுவது, ஒரு பக்கக் கை கால் தளர்வது, பேச்சு குழறுவது, இதில் ஒன்றைப் பார்த்தாலும் மணியைப் பாருங்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அறிகுறி தானாக மறைந்துவிட்டாலும் கிளம்புங்கள். அவர் சாப்பிடும் மாத்திரைகளைக் கையோடு எடுத்து வாருங்கள், ரத்தத்தை இளக்கும் மாத்திரை இருந்தால் கட்டாயமாக. வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். அடைப்பா ரத்தக்கசிவா என்பது சி.டி. ஸ்கேன் பார்க்காமல் யாருக்கும் தெரியாது. தண்ணீரும் வேண்டாம், விழுங்க முடியாமல் புரையேறலாம்.

வந்ததும் ஸ்கேன், சர்க்கரை, ரத்த அழுத்தம். சர்க்கரை மிகவும் குறைந்தால்கூடப் பக்கவாதம் போலவே தெரியும். அழுத்தம் 185/110க்கு மேல் இருந்தால் முதலில் அதை இறக்க வேண்டும். ஆல்டிப்ளேஸ் என்றால் கொஞ்சம் உடனேயும் மீதியை ஒரு மணி நேரத்திலும் ஏற்றுவார்கள். இதே வேலையைச் செய்யும் இன்னொரு மருந்தான டெனெக்டிப்ளேஸ் ஒரே தடவையில் போடுவது.

ஊசிக்குச் சம்மதக் கையெழுத்துப் போடும் இடத்தில்தான் பலர் தயங்குகிறார்கள். பயம் நியாயமானது. அந்த 1995 ஆய்வில் மருந்து பெற்றவர்களில் சுமார் 6 சதவீதம் பேருக்கு மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு நிலை மோசமானது. மருந்து பெறாதவர்களில் அது 1 சதவீதத்துக்கும் குறைவு. இருந்தும் மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, ஊனமில்லாமலோ மிகக் குறைந்த ஊனத்தோடோ இருந்தவர்கள் மருந்து பெற்றவர்களிடையே தெளிவாக அதிகம். மருத்துவர் தகுதி பார்த்து, போடலாம் என்று சொன்னால் என் வீட்டு ஆளுக்கு நான் உடனே சம்மதிப்பேன். சொந்தக்காரர்கள் எல்லோரையும் போனில் கேட்டு முடிக்கிற வரை அடைப்பு காத்திருக்காது.

அப்புறம் ஒன்று. நாலரை மணி தாண்டிவிட்டது என்று நீங்களாகவே முடிவு செய்து வீட்டில் இருந்துவிடாதீர்கள். பெரிய குழாயில் அடைப்பு இருந்தால், தொடை வழியாகக் குழாய் செலுத்தி உறைந்த ரத்தக்கட்டியை வெளியே எடுக்கும் சிகிச்சை இருக்கிறது. தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட அது உதவுவதாக 2018இல் வந்த ஆய்வுகள் காட்டின. ஆம்புலன்ஸைக் கூப்பிடும்போதே பக்கவாத சந்தேகம் என்று சொல்லி, இந்தச் சிகிச்சைகள் இருக்கிற மருத்துவமனைக்கே போகச் சொல்லுங்கள்.